நெகாராகூவுக்கு ஒரு பதவுரை

திங்கட்கிழமை காலை ஏழரை மணி. கேமரன் மலையின் கம்போங் ராஜாவில் அந்நேரத்துக்குப் பனி இன்னும் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளை விட்டு எழுந்திருக்காது. பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்து அடங்கும். சபைகூடல் தொடங்கிவிட்டது என்று எங்கள் வீட்டு வாசலிலிருந்தே தெரிந்துவிடும். பிறகு அந்தப் பாட்டு, மலேசியாவின் தேசியப் பண்ணான நெகாராகூ. எதிர்ச்சரிவில் கொழுந்து எடுக்கிறவர்கள் கூடையை இறக்காமலேயே நிமிர்ந்து நிற்பார்கள். பெரியவர் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொள்வார்.

ஆசிரியராக இருந்த காலமெல்லாம் அந்தப் பாட்டைப் பிள்ளைகளுக்கு உச்சரிக்கச் சொல்லிக்கொடுத்தேன். பொருள் சொன்னது குறைவு. போன மாதம் பேத்தி கேட்டாள்: "தாத்தா, ரத்தம் சிந்துன மண்ணுன்னு பாடுறோமே, இங்க சண்டை நடந்துச்சா?" அந்தக் கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது.

அதே வாரம் கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பெரிய பேத்தி வந்திருந்தாள். அவள் கைபேசியில் ஒரு பிரெஞ்சுப் பெண்குரல். ஸாஸ் என்ற பாடகி 2014இல் வெளியிட்ட 'பாரிஸ்' இசைத்தொகுப்பு என்றாள். பாரிஸ் நகரத்தைப் பற்றிய பழைய பாட்டுகளைத் தேடி எடுத்து, இன்றைய வாத்தியங்களோடு அந்தப் பெண் பாடியிருக்கிறார். சில பாடல்களுக்கு அமெரிக்க இசைமேதை குவின்சி ஜோன்ஸ் துணை நின்றார். ஒரு பாட்டில் ஷார்ல் அஸ்னவூர் தாமே வந்து கூடப் பாடுகிறார்; அப்போது அவருக்கு வயது தொண்ணூறு. மொழி ஒரு சொல்லும் புரியாமல் கடைசிவரை கேட்டேன். பாட்டிமாரின் பாட்டைப் பேத்தி வாங்கிப் பாடுகிற அழகு அதில் இருந்தது. கேட்டு முடித்ததும் தோன்றியது: பழைய பிரெஞ்சுப் பாட்டு ஒன்றை எடுத்துப் புதுச்சொல் கொடுத்து உயிர்ப்பித்தவர்கள் நாமும்தானே. அதைத்தான் வாரந்தோறும் நின்று பாடுகிறோம்.

பாயிரம்: மெட்டு வந்த வழி

உரை எழுதப் புகுந்தால் ஆக்கியவர் யார், நூல் எவ்வழி வந்தது என்று முதலில் சொல்வது நம் மரபு. இந்தப் பாட்டுக்கு அந்தப் பகுதிதான் நீளம்.

'லா ரோசலி' என்ற பெயரில் சீஷெல்ஸ் தீவுகளில் பாடப்பட்டுவந்த மெட்டு இது என்றும், ஆக்கியவர் பியேர் ழான் தெ பெராஞ்சே என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். பெராஞ்சே 1780இல் பாரிசில் பிறந்தவர். ஆட்சியாளரையும் பாதிரிமாரையும் எதிர்த்துப் பாட்டுக் கட்டியதற்காக 1821இல் ஒருமுறையும் 1828இல் ஒருமுறையும் சிறைத்தண்டனை பெற்றவர். அவருடைய தொழில் பெரும்பாலும் சொல் கட்டுவது. மெட்டை ஊரார் வாயிலிருந்து எடுத்துக்கொள்வார். தெரிந்த தெம்மாங்கு மெட்டில் புதுப்பாட்டுக் கட்டும் நம் தோட்டத்து ஆட்களின் முறையும் அதுவே. ஆகவே, ஆக்கியவர் என்று அவரைச் சொன்னாலும் மெட்டு அவருக்கும் மூத்ததாக இருக்க இடமுண்டு என்பது என் எண்ணம்.

சீஷெல்ஸ் முதலில் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1814 பாரிஸ் உடன்படிக்கையில் பிரிட்டனுக்குப் போனது. கொடி மாறினாலும் அத்தீவுகளில் வாய்ப்பேச்சும் பாட்டும் பிரெஞ்சு வழியாகவே இருந்தன. அங்கே மலாய் அரசர் ஒருவர் போய்ச் சேர்ந்த கதை மலாய் மாநிலமான பேராக்கில் தொடங்குகிறது. 1875 நவம்பர் 2ஆம் நாள், பாசிர் சாலாக்கில், பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பெர்ச் கொல்லப்பட்டார். அந்தச் சதியில் பங்கு உண்டென்று குற்றம் சாட்டி, பேராக் சுல்தான் அப்துல்லாவை 1877இல் சீஷெல்சின் மாஹே தீவுக்கு நாடு கடத்தினார்கள். அரசரும் குடும்பமும் ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்தார்கள். அங்கே கேட்ட மெட்டு பிள்ளைகள் மனத்தில் ஒட்டிக்கொண்டது.

பின்னாளில் பேராக் சுல்தானாக இருந்த இத்ரிஸ் இங்கிலாந்து போனார். உங்கள் அரசரை வரவேற்க எந்தப் பண்ணை இசைப்பது என்று அங்குள்ளவர்கள் கேட்டார்களாம். பேராக்குக்கு அப்போது பண் என்று ஒன்று கிடையாது. கூடப் போயிருந்த அப்துல்லாவின் மகன் ஒருவர், இல்லை என்று சொல்ல மனமில்லாமல், தீவில் கேட்ட மெட்டை முணுமுணுத்துக் காட்டினாராம். எந்த மகன், எந்த ஆண்டு என்பதில் சொல்பவருக்குச் சொல்பவர் வேறுபாடு உண்டு. மெட்டு பேராக்கின் அரசுப் பண்ணானது மட்டும் உறுதி. நாடு கடத்தப்பட்ட வீட்டுப் பிள்ளை ஒருவன் துயரமான இடத்திலிருந்து கொண்டுவந்த ஒரே செல்வம் அது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் இளகுகிறது.

அரண்மனையோடு மெட்டு நிற்கவில்லை. பங்சவான் நாடகக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 'தெராங் பூலான்' என்று பெயர் மாறியது. நிலா வெளிச்சம் என்று பொருள். அதே பெயரில் 1937இல் டச்சு ஆட்சிக்கு உட்பட்ட இந்தோனேசியத் தீவுகளில் ஒரு படமும் வந்தது. 1947இல் பிரிட்டனில் ஃபெலிக்ஸ் மெண்டல்சனின் ஹவாய் இசைக்குழு 'மமூலா மூன்' என்று அதை இசைத்தட்டாக்கியது. சிறையும் அரண்மனையும் பார்த்த மெட்டு காதல் பாட்டாகி நடன மண்டபங்களுக்கும் போய்வந்தது.

1957இல் மலாயாவுக்குத் தேசியப் பண் வேண்டியிருந்தது. உலகம் முழுவதற்கும் அறிவித்த போட்டிக்கு 514 படைப்புகள் வந்தன. ஒன்றும் பொருந்தவில்லை. பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன் போன்ற பெரிய இசையமைப்பாளர்களையும் கேட்டுப் பார்த்தார்கள். அவையும் இந்த மண்ணுக்கு ஒட்டவில்லை. கடைசியில் அப்போதைய முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான், மக்களுக்குத் தெரிந்த பேராக் பண்ணின் மெட்டையே எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஆகஸ்டு 5ஆம் நாள் அது தேர்வாயிற்று. பெராஞ்சே இறந்தது 1857 ஜூலை 16. அன்றிலிருந்து தேர்வுநாள் வரை கணக்குப் போட்டால் நூறு ஆண்டும் இருபது நாளும். சொற்களை நடுவர் குழுவினர் சேர்ந்து எழுதினார்கள். சைபுல் பஹ்ரியின் கை அதில் பெரிது என்பார்கள்.

பிரெஞ்சு மெட்டு மலாய்க்கு வந்ததைச் சொல்லும்போது, மலாய் யாப்பு பிரான்சுக்குப் போனதையும் சொல்லவேண்டும். விக்டர் ஹியூகோ 1829இல் வெளியிட்ட கவிதை நூலின் குறிப்புகளில் மலாய்ப் பாந்தூன் ஒன்று பிரெஞ்சில் வந்தது. அதன் பிறகு பாந்தூம் என்ற பெயரில் அந்த யாப்பு அங்கே வேரூன்றியது. கவிஞர் பொதலேர் வரைக்கும் அதன் நிழல் உண்டு. கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறோம்.

முதல் அடி

முதல் அடியும் பாட்டின் பெயரும் ஒன்றே. என் நாடு என்பது பொருள்.

நெகாரா என்பது வடமொழி 'நகர' என்ற சொல்லின் மலாய் வடிவம். நம்மிடம் அது நகரமாக நின்றுவிட்டது; மலாயில் வளர்ந்து முழு நாடாகிவிட்டது. கடைசியில் வரும் 'கூ' என்பது 'என்னுடைய' என்ற பொருள்தரும் ஒட்டு. தமிழில் 'என்' முன்னால் வரும். மலாயில் பின்னால் ஒட்டும். நம் பிள்ளைகளின் காதில் அது நான்காம் வேற்றுமையாக விழுகிறது. வீட்டுக்கு, கடைக்கு, நெகாராக்கு. நான் கேட்டுப் பார்த்த நாலைந்து பிள்ளைகள் 'நாட்டுக்கு' என்றுதான் பொருள் சொன்னார்கள். தவறுதான், ஆனாலும் நாட்டுக்காகப் பாடுவதாக நினைத்துப் பாடிய பிள்ளையை நான் எப்படிக் கடிந்துகொள்வேன்? இனிமேல் பொருளைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். நாட்டுக்கு என்பதைவிட என் நாடு என்பது அழுத்தமானது.

இரண்டாம் அடி

பேத்தி கேட்டது இந்த அடியைத்தான். என் இரத்தம் சிந்திய மண் என்று சொல்லுக்குச் சொல் வரும். இரத்தம் என்றதும் நமக்குப் போர்க்களம் நினைவுக்கு வருகிறது. புறநானூறு படித்தவருக்கு வேறு நினைவே வராது. மலாய் வழக்கில் அது அப்படியில்லை. இரத்தம் சிந்திய மண் என்றால் பிறந்த மண். சிந்தியது வீரனின் இரத்தமில்லை, பிரசவத்தில் தாய் சிந்தியது. தாயும் பிள்ளையும் பிரிகிற அந்த நேரத்து இரத்தத்தை எந்த மண் வாங்கிக்கொண்டதோ அது அந்தப் பிள்ளையின் நாடு. தொப்புள்கொடி விழுந்த இடம் என்று நாம் சொல்வது இதற்கு மிக நெருக்கம். நஞ்சுக்கொடியை மண்ணில் புதைக்கும் வழக்கம் மலாய்க்காரருக்கும் உண்டு, நம்மவருக்கும் உண்டு.

ஆகவே பேத்திக்குச் சொன்ன பதில்: சண்டை இல்லை அம்மா, பிரசவம்.

இந்த அடியில் நான் கொஞ்சம் நிற்கவேண்டும். கேமரன் மலையில் தேயிலை ஊன்றியது 1929இல். ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஆண்டு அது. பின்னால் கம்போங் ராஜாப் பக்கம் புளூவேலிச் சரிவுகளிலும் செடி ஏறியது. காட்டை வெட்டித் திருத்தி நட்டதிலும் கொழுந்து எடுத்ததிலும் நம் ஆட்களின் கை உண்டு. பிள்ளைகள் லயத்திலேயே பிறந்தார்கள். தோட்டத்து மருத்துவச்சி, சுடுதண்ணீர், பழைய வேட்டித் துணி. என் அம்மா ஐந்து பிள்ளைகளையும் இந்த மலையில்தான் பெற்றார். ஆனால் கண்ணை மூடும்வரை அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரமாகக் குடியிருக்கலாம், குடிமகள் இல்லை என்பது அதன் பொருள்.

சட்டம் 1957 ஆகஸ்டு 31க்குக் கோடு போட்டது. அந்நாளிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் மலாயாவில் பிறந்தவருக்குப் பிறப்பினாலேயே குடியுரிமை வந்தது. அதற்கு முன்னால் பிறந்தவர்களில் எத்தனையோ பேர் விண்ணப்பம் போட்டுத்தான் பெறவேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத, பிறப்புச் சான்று இல்லாத தோட்டத்துப் பெண்ணுக்கு அந்த விண்ணப்பத்தை யார் எழுதிக்கொடுப்பது? 1969இல் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தபோது சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். ரஜூலா கப்பலில் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கியவர்களில் அந்த ஊரை அதற்குமுன் கண்ணால் பார்த்திராதவர்கள் உண்டு. இந்த அடியைப் பாடும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு. அட்டை என்ன நிறமாக இருந்தாலும் இந்த அடியின் பொருள்படி அம்மாவின் மண் இதுதான். அவர் இரத்தம் சிந்தியது வேறெங்கும் இல்லை.

மூன்றாம், நான்காம் அடிகள்

மக்கள் ஒன்றுபட்டும் முன்னேறியும் வாழ்கிறார்கள் என்று இரண்டடியும் சேர்ந்து ஒரு வாக்கியம். வாழ்க என்று வாழ்த்தாகக் கொள்பவரும் உண்டு. மலாய் இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. எனக்கு வாழ்த்தாகக் கொள்வதே பிடிக்கும்.

மக்களைக் குறிக்கும் ராக்யாட் என்ற சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. மேய்ப்பனின் பாதுகாப்பில் உள்ள மந்தை என்பது அதன் பழைய பொருள். அரசனின் குடிகள் என்று விரிந்தது. அதே சொல் பாரசீகம் வழியாக இந்தியாவுக்குப் போய் 'ரயத்து' ஆயிற்று. ரயத்துவாரி நிலவரி முறையைச் சென்னை மாகாணத்தில் நிலைநாட்டியவர் தாமஸ் மன்றோ. அந்த வரிப்புத்தகத்தில் பெயர் ஏறும் அளவுக்குக்கூட நிலம் இல்லாத குடும்பங்கள்தான் சேலத்திலும் திருச்சியிலும் தஞ்சையிலும் கங்காணியின் பின்னால் கிளம்பின. அங்கே ரயத்தாக முடியாதவர் பேரப்பிள்ளைகள் இங்கே ராக்யாட் என்று நின்று பாடுகிறார்கள். சொல் ஒன்றே.

யாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு எதுகை அடியின் தொடக்கத்தில். மலாய்க்கு ஓசை ஒத்து வருவது அடியின் முடிவில். நாம் இயைபு என்போம். முதல் நான்கடியில் மூன்று 'ஊ' என்ற ஒலியில் முடிவதைக் கவனித்தால், சிறு பிள்ளைகளுக்கு இப்பகுதி ஏன் சீக்கிரம் மனப்பாடமாகிறது என்று விளங்கும்.

ஐந்தாம், ஆறாம் அடிகள்

அருளையும் இன்பத்தையும் இறைவன் வழங்குக என்பது பொருள். தமிழ் படித்தவர் கண்ணை அகலத் திறக்கவேண்டிய இடம் இது.

இன்பத்துக்கு வரும் சொல் பஹாகியா. நம் பாக்கியம்தான் அது. பிள்ளை பாக்கியம், பெற்ற பாக்கியம் என்கிறோமே அந்தப் பாக்கியம் கடல் கடந்து மகிழ்ச்சியாகிவிட்டது. வழங்குதலுக்கு வரும் குர்னியா என்பது காருண்யம். இரக்கமாக இருந்தது இங்கே பெரியவர் கொடுக்கும் கொடையானது. அருளுக்கு வரும் ரஹ்மாட் அரபுச் சொல். நம் தமிழ் முஸ்லிம் வீடுகளில் ரஹ்மத் என்று புழங்குவதே. இறைவனைக் குறிக்கும் துஹான் மலாய்ச் சொல். துவான் என்ற மரியாதைச் சொல்லோடு ஒரே வேர் என்பார்கள் மொழியறிஞர்கள்.

சொற்களைவிட அடுக்கு எனக்கு வியப்பு. சாதாரண மலாயில் செய்பவன் முன்னால், செயல் நடுவில், செயப்படுபொருள் பின்னால். இந்த அடிகளில் பொருள் முன்னால் வந்து, இறைவன் அடுத்து நின்று, வழங்குதல் கடைசியில் வருகிறது. 'அருளும் பாக்கியமும் இறைவன் அருள்க' என்று சொல் இடம் மாறாமல் அப்படியே தமிழாக்கலாம். வகுப்பில் இப்படி எழுதிக் காட்டியிருந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு மலாய் பக்கத்துவீட்டு மொழியாகியிருக்கும் என்று இப்போது ஏங்குகிறேன்.

ஏழாம், எட்டாம் அடிகள்

நம் அரசர் நலமாக அரியணையில் வீற்றிருக்க வேண்டும் என்பது பொருள். அரியணைக்கு வரும் சொல் பாரசீகத் தக்து. நலத்துக்கு வரும் செலாமாட், காலை வணக்கத்திலிருந்து பிரியாவிடை வரை மலாய்க்காரர் வாயில் நாள்முழுதும் இருப்பது. அரசர் ராஜாவேதான், எங்கள் ஊர்ப்பெயரிலும் அவர் இருக்கிறார். கம்போங் ராஜா, அரசர் கிராமம்.

எந்த அரசர்? ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் கூடி ஐந்தாண்டுக்கு ஒருவரைப் பேரரசராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1957இல் முதலாமவர் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தவர். 2019இலிருந்து 2024 வரை எங்கள் மாநிலமான பகாங்கின் சுல்தானே பேரரசராக இருந்தார். ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும் அடி மாறவேண்டியதில்லை.

நான் சொல்லவேண்டியதில் தலையானது இனித்தான் வருகிறது. 'நம்' என்பதற்கு இந்த அடியில் உள்ள சொல் கித்தா. சின்ன வயதில் அதை நான் ரப்பர் என்றே நினைத்தேன். மலாயாத் தோட்டத்துத் தமிழில் கித்தா என்றால் ரப்பர், கித்தா மரம், கித்தாக் காடு. மலாய் கெத்தாவிலிருந்து வந்தது. அந்தக் கித்தா வேறு, இந்தக் கித்தா வேறு. இது தன்மைப் பன்மை. தமிழில் நாம் என்றும் நாங்கள் என்றும் இரண்டு உண்டல்லவா? கேட்பவனையும் சேர்த்துக்கொள்வது நாம். அவனை வெளியே நிறுத்துவது நாங்கள். இந்த வேற்றுமை ஆங்கிலத்தில் இல்லை, பெராஞ்சேயின் பிரெஞ்சிலும் இல்லை. மலாயில் அச்சாக நம்மைப் போலவே உண்டு. கித்தா என்றால் நாம், காமி என்றால் நாங்கள்.

பாட்டு எழுதியவர்கள் காமி என்று எழுதியிருக்கலாம். கடவுளை நோக்கிச் செய்யும் வேண்டுதலில் மலாய்க்காரர் காமி என்றுதான் சொல்வார்கள். கடவுளை நம்மோடு சேர்த்து எண்ண முடியாதல்லவா? இந்த அடி அப்படி எழுதப்படவில்லை. பாடுபவர் தம் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் சொல்வதாக இருக்கிறது. மலாய்க்காரர் பாடும்போது பக்கத்தில் நிற்கும் தமிழ்ப்பிள்ளை உள்ளே. தமிழ்ப்பிள்ளை பாடும்போது எதிரில் நிற்கும் சீனப்பிள்ளை உள்ளே. ஒரு சிறு சொல் இந்த வேலையைச் செய்கிறது. எங்களுக்கு இடம் இல்லை என்று யாராவது சொல்லும் நாளில், கூச்சல் போடாமல் இந்தச் சொல்லைச் சுட்டிக்காட்டலாம்.

மடக்கி வருதல்

கடைசி நான்கடியும் மறுபடி வரும். பிள்ளைகள் முதல்முறை சொல்லைத் தேடுவார்கள். இரண்டாம் முறை குரல் திறக்கும். 1992இல் இந்தப் பாட்டின் வேகத்தைக் கூட்டி அணிவகுப்பு நடையாக்கினார்கள். பெரியவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. 2003இல் பழைய நிதானம் திரும்பியது. நிதானமே சரி. அவசரமாகப் பாடினால் கித்தா என்ற சொல் காதில் நிற்காமல் ஓடிவிடும்.

எங்கள் ஊரிலிருந்து சிம்பாங் பூலாய்ச் சாலையில் இறங்கினால் சற்று நேரத்தில் பேராக் எல்லை. போன மாதக் கடைசியில் ஈப்போவில் ஒரு விழாவுக்குச் சின்னப் பேத்தியையும் அழைத்துப் போயிருந்தேன். எல்லாரும் எழுந்து நெகாராகூ பாடினோம். பாடி முடிந்ததும் அவள் உட்காரப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். அதே மெட்டு மறுபடி எழுந்தது. சொற்கள் வேறு. தம் சுல்தானுக்கு நீண்ட ஆயுள் வேண்டிப் பேராக்காரர்கள் பாடினார்கள். பாட வாயெடுத்தவள் சொல் பொருந்தாமல் நிறுத்திக்கொண்டு, முடியும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்:

"தாத்தா, இது நம்ம பாட்டாச்சே."